மீன்களுக்குக் குளிராமல் இருக்க ஆட்கள் தேவை

1

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் புதிதாக ஒரு வாத்தியார் குடிவந்திருக்கிறார். வடக்கு இத்தாலிக்காரர், இளந்தாரி, எதையும் நேராகக் கேட்டுவிடுகிற ஆள். போன கிழமை எல்லாத் தபால் பெட்டிகளிலும் நான் ஒரு கடதாசித் துண்டு போட்டிருந்தேன். அதைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்து என் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் நின்றார். நான் இந்தக் கட்டடத்தின் போர்த்தியேரே, அதாவது வாசல்காரன். என்னைத் தேடி ஒருவர் இறங்கி வருகிறார் என்றால் ஒன்றில் குழாய் ஒழுகும், இல்லாவிட்டால் லிஃப்ட் நின்றிருக்கும்.

துண்டில் இருந்தது இவ்வளவுதான்: "ஞாயிறு பின்னேரம் கீழறையில் மீன்களுக்குக் குளிராமல் இருக்க ஆட்கள் தேவை. கதிரை இருப்பவர்கள் கொண்டு வரவும்."

"அந்தோனியோ, கீழறையில் ஸ்தூஃபா இருக்கிறதே?" என்றார். ஸ்தூஃபா என்றால் அறையைச் சூடாக்குகிற மின்சாரக் கணப்பு.

"இருக்கிறது. அன்றைக்கு மட்டும் அதை அணைத்துவிடுவேன்."

"ஜனவரியிலா?"

"ஜனவரியில்தான்."

இந்தக் கட்டடத்தின் வாசல்காரனுக்கு விசர் பிடித்திருப்பது மற்றவர்களுக்குத் தெரியுமா என்று பார்ப்பது போல அவர் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். மூன்றாம் மாடியில் இருந்து சிஞ்ஞோரா பினாவின் குரல் வந்தது. "கதிரை இல்லாவிட்டால் என்னிடம் ஒன்று இருக்கிறது, புரொஃபெஸ்ஸோரே!" பாவம், மனிதர் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

மன்னாரில், பேசாலையிலும் வங்காலையிலும் இருந்து இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கும் அதே சந்தேகம் வந்திருக்கும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இந்த வருஷம் இன்னொரு காரணமும் இருக்கிறது. நேற்று என் மகள் ஸ்டெல்லா சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "பப்பா, இந்த தொமேனிக்கா நான் வரேலாது. பெடரிக்காட ஃபெஸ்தா இருக்கு." ஞாயிற்றுக்கிழமை கூட்டாளியின் பிறந்தநாள் விழாவாம்.

"சரி" என்றேன். வாய்தான் சரி சொன்னது. இந்த ஞாயிறுக் கூட்டமே அவளால்தான் தொடங்கியது. அவள் இல்லாவிட்டால் நாங்கள் வெறுமனே கணப்பை அணைத்துவிட்டு நிலவறையில் கூடியிருக்கிற பைத்தியக்காரர்கள்.

2

ஊரில் இருந்து போனில் கதைக்கிறவர்கள் எல்லாரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அங்கை வீடெல்லாம் ஹீட்டர் இருக்குமே?" மிலானில் இருக்கும். தெற்கே சிசிலித் தீவில் இருக்கிற எங்கள் பலெர்மோவோ தன்னை எப்போதும் வெயில் ஊர் என்றே நம்பிக்கொண்டிருக்கிறது. கூரை உயரம், தரை சலவைக்கல், சுவர் பாறை. கோடைக்கு அருமையான வீடுகள். மாரியிலோ தெருவில் இருந்து வீட்டுக்குள் வருகிறவர்கள் கோட்டைக் கழற்றுவதில்லை, மேலே இன்னொரு சால்வையைப் போர்த்திக்கொள்வார்கள். போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கட்டடமும் அந்தச் சாதிதான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த மீன் வலையில் வந்த மீன். அதற்குக் கண் திறந்திருக்கும், ஆனால் ஒருவரையும் பார்க்காது. நான்காம் மாடி டொத்தோரே, அதாவது டொக்டர், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது மீன்கள் நீந்துகிற ஒரு கண்ணாடித் தொட்டியை என் கையில் தந்து, "வேண்டுமென்றால் வைத்துக்கொள்" என்றார். வேண்டாமென்றால் என்ன செய்யலாம் என்பதைக் கையால் கழிப்பறைப் பக்கம் காட்டினார். நான் தொட்டியைத் தூக்கிக்கொண்டு என் இரண்டு அறைக்குக் கீழே இருக்கிற நிலவறைக்குப் போனேன். அன்று பின்னேரம் ஒரு சின்ன மீன் கண்ணாடிக்குக் கிட்ட வந்து என்னைப் பார்த்தது. சிரிக்காதீர்கள். மனைவி ஊரில், பிறந்த பிள்ளையைப் படத்தில் மட்டும் கண்டவன் நான். வேலை முடிந்து வரும்போது யாராவது திரும்பிப் பார்த்தால் அது பெரிய காரியம்தான்.

குப்பி என்கிற இந்தச் சின்ன மீனுக்குக் குட்டி போடுவதைத் தவிர வேறு வேலையில்லை. ஒரு தொட்டி சுவர் முழுக்கத் தொட்டிகளாகிவிட்டது. தொட்டிக்கு ஒரு ஹீட்டர் என்று வாங்கி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். இங்கே ஒரு வீட்டுக்கு இவ்வளவு கரண்ட்தான் என்று மீட்டரே அளந்து தரும். அதற்கு மேல் இழுத்தால் 'டக்' என்று விழுந்துவிடும். நான் சோறு போட அடுப்பைத் தட்டினால் மீன்களுக்கு இருட்டு, மீன்களைக் காப்பாற்றினால் எனக்குப் பட்டினி.

மீன் சாமான் விற்கிற கடைக்காரர்தான் வழி சொன்னார்: "தண்ணீரைச் சூடாக்காதே, அறையைச் சூடாக்கு. தண்ணீர் பின்னால் வரும்." அதனால் ஒரேயொரு ஸ்தூஃபா. ஆனால் அந்தப் பாறைச் சுவர் எவ்வளவு சூடு கொடுத்தாலும் குடித்துவிடும். சுவரை மூட, சூட்டை வெளியே விடாத வெள்ளை ரெஜிபோம் அட்டை தேடி வுச்சீரியா சந்தைக்குப் போனேன். மீன் வியாபாரிகள் கடை கட்டும்போது வெள்ளைப் பெட்டிகளை மலை போலக் குவித்திருப்பார்கள். எதற்கு என்று ஒருவர் கேட்டார். என் மீன்களுக்குக் குளிராமல் இருக்க என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு சந்தை முழுக்கக் கேட்டது. "பிறந்த நாளிலிருந்து இந்தப் பெட்டிக்குள் நான் மீனுக்கு ஐஸ் வைக்கிறேன். நீ அதே பெட்டியை வைத்து அதைச் சூடாக்கப் போகிறாயா?" அன்றிலிருந்து நல்ல பெட்டிகளை அவரே எனக்கென்று எடுத்துவைப்பார்.

பெட்டிகளை வெட்டி ஒட்ட சிவென் வந்தார். அவர் மொரீஷியஸ்காரர், அடுத்த தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். தாத்தாவுக்குத் தாத்தா தமிழராம். சிவெனுக்குத் தமிழ் பாட்டாக மட்டும்தான் வரும். முருகன் பாட்டைச் சுதி தப்பாமல் பாடுவார், 'தண்ணி எடு' என்றால் முழிப்பார். நாங்கள் இரண்டு தமிழரும் இத்தாலியனில்தான் கதைப்போம். நான் சிலுவை போட, அவர் விபூதி பூச, இரண்டு பேருமாக நிலவறையை வெள்ளையாக்கினோம். பெட்டிகளை எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் வாசம் போகவில்லை. தெருவோரக் கம்பி யன்னலில் போர்கோவின் பூனைகள் எல்லாம் வரிசையில் உட்கார்ந்திருந்தன.

கடைசியாக ஒரு சிக்கல். சூடு மேலே போய் நின்றுகொண்டது. மேல்தட்டு மீன்களுக்குப் பேசாலை, கீழ்த்தட்டு மீன்களுக்கு நுவரெலியா. சூட்டைக் கீழே தள்ளக் கூரைக்குக் கிட்ட ஒரு சின்ன ஃபான் பூட்டினேன். ஜனவரியில் ஃபான் ஓடுவதைக் கண்ட சிவென் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் வெப்பமானி நான் போட்ட சிவப்புக் கோட்டில் வந்து நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

3

மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடுவதற்காக குவெஸ்தூராவுக்கு நடந்தேன். பொலிஸ் கந்தோர்தான், வெளிநாட்டுக்காரரின் பெர்மெஸ்ஸோ, அதாவது தங்கும் அனுமதி, எல்லாம் அங்கேதான். அந்த வரிசையில் நின்றே நான் இத்தாலியன் படித்தேன். ஒருநாள் ஒரு உத்தியோகத்தர் வீட்டைப் பற்றி விசாரித்தார்.

"எத்தனை அறை?"

"இரண்டு. கீழே ஒன்று."

"கீழே யார் இருக்கிறார்கள்?"

"மீன்."

"செத்த மீனா?"

"உயிரோடு, சிஞ்ஞோரே."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த அறைக்குக் கணப்பு இருக்கிறதா?"

"இருக்கிறது."

"உன் மனைவி படுக்கப் போகிற அறைக்கு?"

நான் விண்ணப்பத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் இருந்தவர் சிரித்து, பிறகு வரிசையே சிரித்து, நானும் சிரித்தேன். வெளியில் வந்த பிறகுதான் உறைத்தது. நேரே கடைக்குப் போய்த் தடித்த கம்பளிப் போர்வைகள் வாங்கினேன்.

4

அவர்கள் வந்தது கோடை முடிகிற காலத்தில். ஸ்டெல்லாவுக்கு அப்போது எட்டு வயது. நான் வெளிக்கிட்டபோது அவள் என் மனைவி ஜெசியின் வயிற்றில் இருந்தாள். பிறந்து, நடந்து, சண்டையில் ஊர் விட்டு இடம்பெயர்ந்து, மடுக் கோயில் வளவில் அகதியாக வளர்ந்து, கொழும்பு வந்து, விமானம் ஏறி இங்கே வந்து இறங்கும்வரைக்கும் அவளுக்கு நான் ஒரு படம். படத்தில் மீசை இருந்தது. விமான நிலையத்தில் நின்றவனுக்கு மீசை இல்லை. தாயின் சீலைக்குப் பின்னால் நின்று நெடுநேரம் பார்த்தாள்.

அவள் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டில் என் பெயர் 'அவர்'. "அம்மா, அவரிட்டைச் சொல்லுங்கோ, யன்னலைப் பூட்டட்டாம்." நான் கையெட்டுகிற தூரத்தில்தான் இருப்பேன். யன்னலைப் பூட்டுவேன். மரியாதையான பிள்ளை, முகத்தைச் சுளிக்காது, சாப்பிட்ட கோப்பையைக் கழுவிவைக்கும். ஆனால் 'அப்பா' என்ற சொல் மட்டும் வரவில்லை. வற்புறுத்தாதேயும் என்று ஜெசிக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு ஒவ்வொரு நாளும் காத்துக்கொண்டிருந்தேன்.

மீன் அறையை முதல்நாள் கண்ட ஜெசி இடுப்பில் கைவைத்து நின்றாள். நான்கு தலைமுறையாகக் கடலில் போன வீட்டுப் பெண்.

"மீன் வைச்சிருக்கிறன் எண்டு போனிலை சொன்னீங்கள். ஊரெல்லாம் நான் என்ன சொன்னன் தெரியுமே? என்ரை மனிசன் இத்தாலியிலை மீன் முதலாளி எண்டு! இது என்ன, நெத்தலிக்குக் கம்பளி போர்த்து வைச்சிருக்கிறியள்?"

"இது வளக்கிற மீன், ஜெசி."

"தின்னேலாதே?"

"ஏலாது."

"பிறகேன் மேலை ஃபான்?"

விளங்கப்படுத்தினேன். அன்றைக்கே போஸ்ட்காட் எழுதி, குளிர்காலத்தில் மீனுக்கு ஃபான் போடுகிற மனிதனைக் கட்டியிருக்கிறேன் என்று ஊருக்கு அறிவித்துவிட்டாள்.

மாரி தொடங்கியதும் ஸ்டெல்லா தானாகக் கீழே போகப் பழகினாள். வீட்டில் கதகதப்பான இடம் அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தால் வந்து, கொப்பியை மடியில் வைத்து, கீழ்த்தட்டுக் குப்பித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். நான் இறங்கினால் எழும்பிப் போய்விடுவாள். அதனால் நான் படியிலேயே நின்றுகொள்வேன். ஒருநாள் அவள் மீன்களோடு கதைப்பது கேட்டது. "ஜெனி, தள்ளு. சுகிக்கு இடம் விடு. பபா, நீ எங்கை ஒளிச்சிருக்கிறாய்?" பிறகு ஜெசிதான் சொன்னாள், அந்தப் பெயர்கள் எல்லாம் மடுவில் அவளோடு விளையாடிய பிள்ளைகளுடையவை என்று. அன்றிலிருந்து காலையில் எழும்பியதும் நான் முதலில் பார்ப்பது வெப்பமானியைத்தான்.

5

நத்தார்ப் பெருநாளுக்கு முந்தி ஜெசிக்குக் கருவாட்டு ஆசை வந்தது. சந்தையில் நல்ல கொழுத்த மீனாக வாங்கி, பிளந்து, உப்புப் போட்டாள். காயவைக்க வெயில் இல்லை. முற்றத்தில் பூனைகள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தடுத்திருப்பேன். நான் லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் நேராக நிலவறைக்கு இறங்கி, ஃபானுக்கு முன்னால் கயிறு கட்டி, எல்லாவற்றையும் தொங்கவிட்டுவிட்டாள். மீன் பார்த்துக்கொண்டிருக்க மீன் காய்ந்த அறை உலகத்தில் வேறெங்கும் இருந்திராது.

ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தால் வந்து கீழே போனாள். சத்தம் போடவில்லை. மேலே வந்து பழைய பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு போய்க் குப்பித் தொட்டியைச் சுற்றி ஒட்டினாள். "ஜெனியாக்கள் பாக்கக் கூடாது" என்றாள்.

ஜெசி போட்ட கணக்கு எங்கள் ஊரில் பிழையே இல்லை. பேசாலையில் சூடு என்றால் கூடவே காற்றும் வரும், உப்புப் போட்ட மீன் இரண்டு நாளில் பலகையாகும். இந்த அறையிலோ சூடு இருந்தது, காற்று முழுக்கத் தொட்டித் தண்ணீரின் ஈரம். கருவாடு காயவில்லை, வியர்த்தது. பிறகு மணந்தது. நான் பெருமையோடு பூட்டிய ஃபான் அந்த மணத்தை லிஃப்ட் குழிக்குள் தள்ளியது. லிஃப்ட் அதை மாடிமாடியாக ஏற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து இறக்கியது.

முதலில் கத்தியது சிஞ்ஞோரா பினா. தனியாக இருக்கிற விதவை, வீட்டுக்குள்ளும் கோட்டுப் போட்டிருப்பவர், குரல் மட்டும் குளிராதது. ஏதோ செத்துக் கிடக்கிறது, பொலிசைக் கூப்பிடு என்றார். அடுத்தநாள் கட்டடத்தைப் பார்க்கிற அமினிஸ்த்ராத்தோரே வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு அறையைப் பார்த்தார். ஒட்டியிருந்த பெட்டி, தொட்டிகள், ஸ்தூஃபா, கயிற்றில் கருவாடு. ஜனவரி முடிவதற்குள் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும், நிலவறை சாமான் வைக்கத்தான், கணப்பு வைக்க அல்ல என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெசி அன்றைக்குச் சாப்பிடவில்லை. "நான்தான் கெடுத்துப்போட்டன். நீங்கள் ஏசினாலும் பரவாயில்லை" என்றாள். ஏச எனக்கு மனம் வரவில்லை. கருவாட்டு ஆசை எனக்கும் எத்தனையோ வருஷமாக இருந்தது. கவலையெல்லாம் தாயின் பின்னால் நின்ற பிள்ளையைப் பற்றித்தான். ஒரு தரம் கூட்டாளிகளை விட்டுவிட்டு வந்தவளிடம் இன்னொரு தரம் எப்படிச் சொல்வது?

6

ஜனவரியில், மூவிராசாக்கள் திருநாள் கழிந்த ஞாயிறு. எங்கள் பங்கில் மாதா சுருவம், அதாவது மாதாவின் சிலை, ஞாயிறுதோறும் ஒவ்வொரு தமிழ் வீடாக வரும். அந்த வீட்டில் எல்லாரும் கூடிச் செபமாலை சொல்லிப் பிளேன்டீ குடிப்பார்கள். அன்றைக்கு எங்கள் முறை. மத்தியானம் புயல் மழை அடித்து, எங்கள் பகுதி முழுக்கக் கரண்ட் போனது. மீட்டர் விழவில்லை, தெருவே இருண்டு கிடந்தது.

ஸ்தூஃபா நின்றது. ஃபான் நின்றது. தொட்டிகளுக்குக் காற்று ஊதுகிற மோட்டரும் நின்றது. அந்தப் பாறை அறை எவ்வளவு கெதியில் குளிரும் என்பதை நான் அதுவரை கண்டதில்லை. வெப்பமானி சிவப்புக் கோட்டை விட்டு இறங்கத் தொடங்கியது. குவெஸ்தூராக் கேள்விக்குப் பிறகு வாங்கிய கம்பளிப் போர்வைகளை எல்லாம் உருவிவந்து தொட்டிகளைப் போர்த்தினேன். ஜெசி பகிடி பண்ணவில்லை. தன் சால்வையையும் கழற்றித் தந்தாள். அப்படியும் அது இறங்கிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஸ்டெல்லா பேசினாள். தாயிடம் அல்ல. என்னைப் பார்த்து.

"மடுவிலை மழை பெய்ஞ்சா எல்லாரும் ஒரு மண்டபத்துக்குள்ளைதான் படுக்கிறது. கால் நீட்ட இடமில்லை. ஆனா குளிரேல்லை."

எனக்கு விளங்கவில்லை. அவள் பொறுமை இழந்து காலால் தரையைத் தட்டினாள்.

"ஆக்களைக் கூப்பிடுங்கோ! ஆக்கள் வந்தா சூடு வரும்."

மழையில் நனைந்துகொண்டு மாதா சுருவத்தோடு எங்கள் சனம் வாசலுக்கு வந்ததும் அந்த நேரம்தான். எங்களுடைய சின்ன முன்னறையில் பூவும் மெழுகுதிரியும் வைத்து ஆயத்தமாக இருந்தது. "மாதாவை மேலை வைக்க வேண்டாம், கீழை கொண்டு போங்கோ" என்றேன். சுருவத்தைத் தூக்கிவந்த பிலோமினா அக்கா அதிர்ந்துபோனார்.

"நிலவறைக்கே? மாதாவையே?"

"குளிருக்கை கிடக்கிற சீவன்களிட்டை வரமாட்டாவே, அக்கா?"

அவர் மாதாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் இறங்கினார். எல்லாரும் இறங்கினார்கள். மாதாவைத் தட்டின் நடுவில் வைத்தோம், ஒரு பக்கம் தேவதை மீன், மறுபக்கம் குப்பி. மெழுகுதிரிகளைப் பெட்டிகளில் படாமல் நடுத் தரையில் வைத்தோம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கோப்பை கொடுத்தேன். தொட்டித் தண்ணீரை அள்ளி உயரத்தில் இருந்து ஊற்றினால்தான் மீன்களுக்குக் காற்றுக் கிடைக்கும். சிவெனும் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். வெப்பமானி இறங்குவதை நிறுத்தியது. ஏறவில்லை.

"ஆக்கள் காணாது, இன்னும் வேணும்" என்றாள் ஸ்டெல்லா. ஒரு மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள்.

நான் பின்னால் ஓடினேன். வாசல்காரன் வீட்டுப் பிள்ளை கதவு கதவாகத் தட்டினால் என்னாவது, அதுவும் கருவாட்டுக்குப் பிறகு? நான் இரண்டாம் மாடிக்கு வரும்போது மேலே அவள் சிஞ்ஞோரா பினாவின் கதவைத் தட்டிவிட்டாள். சில மாதப் பள்ளிக்கூட இத்தாலியன், ஆனால் 'ர'வைப் போர்கோப் பிள்ளைகள் போலவே உருட்டுவாள். இருட்டில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"சிஞ்ஞோரா, கீழே வாருங்கள். மீன்களுக்குக் குளிர்கிறது. மியோ பப்பா கூப்பிடுகிறார்."

மியோ பப்பா. என்னுடைய அப்பா. நான் ஒருவரையும் கூப்பிடவில்லை. எந்தப் பாஷையில் வந்தால் எனக்கென்ன? படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நல்லகாலம், கட்டடம் முழுக்க இருட்டு.

சிஞ்ஞோரா பினா கோட்டோடு, கதிரையோடு, வெந்நீர்ப் பையோடு இறங்கி வந்தார். "பிள்ளைக்காக வருகிறேன். உனக்காக இல்லை" என்று என்னைத் தாண்டிப் போனார். பின்னால் மற்றக் கதவுகளும் திறந்தன. கரண்ட் இல்லாத வீட்டில் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வது? நிலவறை நிரம்பியது. நாங்கள் தமிழில் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினோம். மறுபாதியைச் சிஞ்ஞோரா இத்தாலியனில் சொல்லி முடித்தார். அடுத்ததில் எல்லா இத்தாலியரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு மந்திரம் இரண்டு பாஷையில் போய்வந்தது, ஒருவரும் தடக்கவில்லை. செபமாலை முடிந்ததும் சிவென் தன் பங்குக்கு ஒரு முருகன் பாட்டு எடுத்துவிட்டார். பிலோமினா அக்காவே தாளம் போட்டார்.

ஒரு ஆள் என்றால் ஒரு சின்ன ஸ்தூஃபா, மீட்டர் விழாத ஸ்தூஃபா. கொஞ்ச நேரத்தில் சிஞ்ஞோரா பினா கோட்டைக் கழற்றினார். மாரி தொடங்கி இதுதான் முதல் தரம் என்றார். வெப்பமானி சிவப்புக் கோட்டைத் தொட்டதும் ஸ்டெல்லா கத்தினாள். கைதட்டலில் குப்பிகள் பயந்து பாசிக்குள் ஒளிந்துவிட்டன. ஒரு மீனும் சாகவில்லை.

7

மாதக் கடைசியில் அமினிஸ்த்ராத்தோரே வந்தபோது சிஞ்ஞோரா பினா நிலவறையில் தன் கதிரையில் இருந்து பின்னிக்கொண்டிருந்தார். அறை ஏன் இன்னும் காலியாகவில்லை என்று அவர் கேட்டார்.

"எந்த அறை?" என்றார் சிஞ்ஞோரா. "இது எங்கள் வரவேற்பறை. சத்தம் போடாதே, மீன்கள் பயப்படும்."

அவர் இரண்டு மாடிக்காரரிடம் கேட்டுப்பார்த்தார். அவர்களும் அதையே சொன்னார்கள். கருவாடு இனிமேல் தொங்காது என்று ஜெசி மாதாமேல் ஆணையிட்டாள். விஷயம் அத்தோடு முடிந்தது. அடுத்த வருஷத்திலிருந்து அதே ஞாயிறு ஸ்தூஃபாவை அணைத்துவிட்டு, ஆட்களின் சூட்டிலேயே மீன்களை வைத்திருப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. ஜெசி இப்போது கருவாட்டை ஊரிலிருந்து எடுப்பித்து, யன்னலைச் சாத்திக்கொண்டு பொரிக்கிறாள்.

ஸ்டெல்லாவுக்கு நான் அன்றிலிருந்து பப்பா. 'அப்பா' இல்லை, பப்பாதான். ஜெசி திருத்திப் பார்த்து அலுத்துவிட்டாள். பிள்ளை வளர வளரத் தமிழ் அவளுக்குக் குட்டையாகிக்கொண்டு வருகிறது. ஞாயிறு தமிழ் வகுப்புக்குத் தலைவலி வரும். கூட்டாளிகள் வாசலுக்கு வந்தால் என்னோடு இத்தாலியனில் மட்டும் கதைப்பாள், அதையும் சுருக்கமாக. போன மாதம் ஜெசி தெருவில் அவளைத் தமிழில் கூப்பிட, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாள். நல்ல பிள்ளை. ஆனால் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரிகிறது. அதனால்தான் அவள் ஃபெஸ்தா என்றபோது என் 'சரி' அவ்வளவு மெதுவாக வந்தது.

8

ஞாயிறு முடிந்து இதை எழுதுகிறேன்.

ஸ்தூஃபாவைப் பின்னேரம் அணைத்தேன். சனம் வந்தது, ஆனால் போன வருஷத்தைப் போல இல்லை. இரண்டு குடும்பம் வடக்கே வேலைக்குப் போய்விட்டது. சிவெனுக்குக் கடையில் கலியாணச் சாப்பாடு. புதிய வாத்தியார் வந்தார், சிஞ்ஞோரா பினா கொடுத்த கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, செபமாலை நடக்க வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டது. "இன்னும் ஆட்கள் வேண்டும்" என்று என்னிடம் கிசுகிசுத்தார். ஆளும் எங்களோடு சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன், ஆனால் சிரிப்பு வரவில்லை. ஸ்தூஃபாவைப் போட்டுவிடலாம் என்று எழும்பினேன். ஜெசி கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ."

"அவள் வரமாட்டாள், ஜெசி."

"பொறுங்கோ எண்டுறன்."

தெருக் கதவு பெரிய சத்தத்தோடு திறந்தது. படியில் ஒரே சிரிப்பும் காலடியும். முதலில் வந்தது ஒரு பெரிய கேக், அதற்குப் பின்னால் அதைப் பிடித்திருந்த பிறந்தநாள் பிள்ளை பெடரிக்கா, அதற்குப் பின்னால் போர்கோவின் அரைவாசி இளசுகள். மினுங்கல் சட்டை, நனைந்த தலைமயிர், எல்லார் வாயிலும் ஒரே நேரத்தில் கதை. ஃபெஸ்தாவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். தட்டில் இருந்த மாதாவைக் கண்டு ஒரு பெடியன் அவசரமாகத் தொப்பியைக் கழற்றினான். அத்தனை பேரையும் உள்ளே தள்ளிவிட்டுக் கடைசியாக என் மகள் வாசலில் நின்றாள், ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. எல்லாக் கூட்டாளிகளும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கூட்டத்துக்கு மேலால் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, ஆக்கள் காணுமோ?"

நான் வெப்பமானியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"காணும் பிள்ளை. உள்ளை வந்து கதவைச் சாத்து, சூடு போகுது."